எரியாத விறகு

சென்ற மாதம் என் அத்தையை அழைத்துக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போக நேர்ந்தது. அத்தைக்கு வயது 68. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனிக் குடித்தனம். இரண்டு வருஷமாய் விடாத இருமல். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டர் இளைஞர்; நிதானமானவர். எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார். ஒரு குழாயைக் கொடுத்து அத்தையை ஊதச் சொன்னார். பிறகு என் பக்கமாகச் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்த அம்மாள் எத்தனை வருஷமாய்ப் பீடி குடிக்கிறார்?" என்று கேட்டார்.

குரலைத் தாழ்த்தி என்ன பயன்? அத்தைக்கு மூச்சுத்தான் குறைவே தவிர, காது பாம்புக் காது. "என்ன கேட்கிறார் இந்தப் பிள்ளை? பீடியா? நானா?" என்று எழுந்தே விட்டாள். அவளைச் சமாதானப்படுத்தி உட்கார வைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

டாக்டர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "சரி அம்மா, சமையல் எதில்?" என்றார்.

"எல்லாரையும் போல அடுப்பில்தான்."

"என்ன அடுப்பு?"

"விறகு அடுப்பு. கல்யாணமாகி வந்த நாளாய், ஐம்பது வருஷமாய் அதே அடுப்பங்கரைதான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் நான் கேட்டதில் ரொம்பத் தப்பில்லை" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியாக இல்லை. கோடை விடுமுறை தோறும் அந்த அடுப்பில் கொதித்த வற்றல் குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். அத்தை குனிந்து ஊதுகுழலை ஊதுவதையும், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதையும் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேனே தவிர, ஒரு தரமாவது யோசித்ததில்லை. குழம்பு ருசியாக இருந்தது, அதோடு சரி.

"எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு இருக்கிறது. இந்தப் புகைப் புராணம் எங்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை. அத்தை வீட்டிலும் காஸ் இருக்கிறது! மூலையில், பூப் போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் முன் உட்கார்ந்த பெண்ணைப் போல் அடக்கமாக நிற்கிறது. விருந்தாளி வந்தால் காப்பி போட மட்டும் அதற்கு உத்தரவு. மற்றபடி சாதமும் குழம்பும் வெந்நீரும் விறகில்தான். நம் நாட்டில் இப்படி எத்தனையோ வீடுகள். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், காஸ், மின்சாரம் போன்ற புகையில்லாத எரிபொருளில் சமைக்கும் குடும்பங்கள் 100க்கு 58 அல்லது 59தான் என்று கணக்கு வந்தது. மீதிப் பேரில் உங்கள் அத்தையோ, பெரியம்மாவோ, உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாளோ இருக்கக் கூடும். அது மட்டுமா? பொங்கலன்று வாசலில் பானை வைக்கிறோம். ஊரிலுள்ள வீட்டுக்குப் போனால் கொல்லையில் வெந்நீர் அடுப்பு. காஸ் தீர்ந்து அடுத்த சிலிண்டர் வரவில்லை என்றால் மொட்டை மாடியில் மூன்று செங்கல். ஆகையால் விறகு அடுப்பு மூட்டும் வித்தையை நாம் இன்னும் மறக்கிற காலம் வரவில்லை. மறக்காமலிருப்பது போதாது; சரியாகவும் தெரிந்துகொள்ள வேண்டும்.

புகை என்பது என்ன?

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அத்தையிடம், "அடுப்பில் ஏன் அத்தை இவ்வளவு புகை வருகிறது?" என்று கேட்டேன்.

"நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். நெருப்பு இருக்கிறது, புகைகிறது. இதுகூடவா உன் காலேஜில் சொல்லித் தரவில்லை?" என்றாள்.

நெருப்பில்லாமல் புகையாது என்பது மெத்தச் சரி. ஆனால் புகையில்லாமல் நெருப்பு எரியும்! இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் சொல்ல மறந்துவிட்டோம்.

இன்று ராத்திரி ஒரு சின்னப் பரீட்சை செய்து பாருங்கள். காற்று இல்லாத இடத்தில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, நன்றாக எரிந்த பிறகு ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை நூல் கிளம்பும். எரியும் தீக்குச்சியை அந்தப் புகை நூலில், திரிக்கு ஓர் அங்குலம் மேலே காட்டுங்கள். தீ புகை வழியாகவே கீழே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். குழந்தைகள் கை தட்டுவார்கள். நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இது: அந்தப் புகை கழிவல்ல, எரியாமல் தப்பித்துப் போகிற எரிபொருள்.

விறகிலும் இதே சமாசாரம்தான். நெருப்பு முதலில் விறகின் ஈரத்தை விரட்டுகிறது. பிறகு கட்டை சூடேறி ஒருவித வாயுக்களை விடுகிறது. நாம் ஜ்வாலை என்று பார்ப்பது அந்த வாயு எரிவதைத்தான். அதெல்லாம் போன பிறகு மிஞ்சுகிற கரி தணலாக ஜொலிக்கிறது. விறகின் உஷ்ணத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அந்த வாயுவிலேதான் இருக்கிறது. அது எரிவதற்கு இரண்டு வேண்டும்: போதிய சூடு, போதிய காற்று. இரண்டில் ஒன்று குறைந்தாலும் வாயு எரியாமல் புகையாக வெளியே வந்துவிடும். அதாவது, காசு கொடுத்து வாங்கிய விறகில் ஒரு பகுதியை நாம் எரிப்பதில்லை, சுவாசிக்கிறோம்!

சுவாசிப்பதன் கதை சாமானியமல்ல. விறகுப் புகையில் மயிரிழையைவிடப் பன்மடங்கு நுண்ணிய துகள்கள் இருக்கின்றன. அவை நுரையீரலின் அடிவரை போய்த் தங்குகின்றன. கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1981ல் குஜராத் கிராமங்களில் அடுப்பு முன் உட்கார்ந்த பெண்கள் சுவாசிக்கும் காற்றை அளந்து பார்க்கத் தொடங்கினார். 2020ல் காலமாகும் வரை அவருக்கு அதே வேலைதான். சாதாரண விறகு அடுப்பு ஒரு மணி நேரத்தில் விடும் புகை, சுமார் 400 சிகரெட்டின் புகைக்குச் சமம் என்று அவர் சொல்வதுண்டு. வீட்டுக்குள் சூழும் இந்தப் புகையால் 2020ம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நுரையீரல் நோய், இருதய நோய், பக்கவாதம், குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்குக் கண்புரை என்று அதன் பட்டியல் நீள்கிறது.

ஆகவே, சமையலுக்குக் காஸோ மின்சார அடுப்போ இருந்தால் அதிலேயே சமையுங்கள் என்பதுதான் முதல் யோசனை. இல்லாத இடத்திலும், விறகு மூட்டியே ஆக வேண்டிய நாளிலும் செய்ய வேண்டியதை இனிப் பார்ப்போம்.

விறகை அறிவது எப்படி?

பச்சை மரத்தில், எடையில் சுமார் பாதி தண்ணீர். நன்றாகக் காய்ந்த விறகிலும் 100க்கு 15, 20 பங்கு ஈரம் இருக்கத்தான் செய்யும். இங்கே ஒரு கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் வரை சூடாக்க எவ்வளவு உஷ்ணம் பிடிக்கிறதோ, அதைப்போல் ஏழு மடங்கு அந்தத் தண்ணீர் முழுவதையும் ஆவியாக்கப் பிடிக்கிறது. ஈர விறகை அடுப்பில் வைத்தால், நீங்கள் உலை வைப்பதற்கு முன்னால் விறகு தனக்குள்ளேயே ஓர் உலையை வைத்துக்கொள்கிறது. அது வற்றின பிறகுதான் உங்கள் அரிசிக்கு முறை வரும். அது வரை வருவதெல்லாம் புகை.

விறகு காய்ந்ததா என்று தெரிய, இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். "டங்" என்று கேட்டால் காய்ந்தது. "சொத்" என்று கேட்டால் விறகுக் கடைக்காரர் உங்களிடம் தண்ணீரையும் சேர்த்து எடை போட்டிருக்கிறார். வெட்டு முகத்தில் வெடிப்பு ஓடியிருப்பதும், பட்டை தானாகக் கழலுவதும் காய்ந்ததற்கு அடையாளம். சவுக்கானாலும் கருவேலமானாலும் பிளந்து அடுக்கி, மழை படாமல், காற்றுப் படும்படி, தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரத்தில் வையுங்கள். எடுக்கும்போது ஒரு தட்டுத் தட்டி எடுங்கள். விறகுக் கட்டில் தேள் குடியிருக்கும். அதற்கும் அது சொந்த வீடுதான்.

சிலர் விறகைச் சீக்கிரம் காயவைக்க அடுப்பின் பக்கத்திலேயே சாய்த்து வைக்கிறார்கள். ஒரு பொறி தெறித்தால் போதும். எரிகிற அடுப்புக்கும் விறகு, ஓலை, காகிதம், எண்ணெய்ப் புட்டி ஆகியவற்றுக்கும் நடுவே மூன்று அடியாவது தூரம் இருக்கட்டும்.

எரிக்கக் கூடாதவை சில உண்டு. பால் பாக்கெட், பிளாஸ்டிக் பை, ரப்பர், பெயிண்டு அடித்த பலகை, பிளைவுட் இவற்றை ஒருபோதும் அடுப்பில் போடாதீர்கள். பிளாஸ்டிக் பையைக் கொளுத்தி அடுப்புப் பற்றவைப்பது இப்போது ஊர் வழக்கமாகி வருகிறது. சீக்கிரம் பற்றும் என்பது நிஜந்தான். அதன் விஷப் புகையும் சீக்கிரம் மூக்கில் ஏறும். பன்னாடை, சிரட்டை, காய்ந்த சுள்ளி, தென்னம்பாளை இருக்கும்போது நமக்குப் பிளாஸ்டிக் எதற்கு?

அடுப்புக்கும் மூச்சு உண்டு

அடுப்பு வாய் நிறைய விறகைத் திணிப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். அவசரம்! ஆனால் வாய் நிறையச் சோற்றைத் திணித்தால் குழந்தைக்கு விக்கல் வருகிறதல்லவா? அடுப்புக்கும் அதே கதிதான். காற்றுப் போக வழியில்லாமல் திணறிப் புகையைக் கக்குகிறது. நாம் உடனே ஊதுகுழலை எடுக்கிறோம். ஊதுகுழல் பற்றவைக்கிற நேரத்துக்கு மட்டும் தேவை. சமையல் முழுக்க ஊதிக்கொண்டே இருக்கிறீர்களானால், விறகு ஈரம், அல்லது விறகு ஜாஸ்தி, அல்லது அடியில் சாம்பல் அடைத்திருக்கிறது. மூன்றில் எது என்று பாருங்கள். ஊதுகிறவள் மறுபடி மூச்சை இழுக்கும்போது புகையையும் சேர்த்துத்தானே இழுக்கிறாள்!

பற்றவைக்கும் முறை இதுதான். முதலில் பழைய சாம்பலை வாருங்கள். தேங்காய் நார் அல்லது பன்னாடை கொஞ்சம். அதன்மேல் விரல் பருமன் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக, இடைவெளி விட்டு அடுக்குங்கள். அது நன்றாகப் பிடித்து எரியும்போது கட்டை விரல் பருமனுக்குப் பிளந்த விறகை இரண்டு மூன்று வையுங்கள். பெரிய கட்டை ஒன்றைவிடச் சின்னப் பிளவு நாலு சீக்கிரம் சூடேறும், புகையும் குறைவு. விறகின் நுனி மட்டும் எரியட்டும். எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். விறகை நேராகத் தரையில் வைக்காமல், அடுப்பு வாயில் ஓர் இரும்புக் கம்பித் தட்டைப் போட்டு அதன்மேல் வைத்தால் கீழேயிருந்து காற்று புகுந்து தணலை ஊதிவிடும். ஊதுகுழலுக்கு ஓய்வு, உங்களுக்கும் ஓய்வு.

தீ சரியாக எரிகிறதா என்று எப்படித் தெரியும்? ஜ்வாலை துடிப்பாக, மஞ்சளாக, பாத்திரத்தின் அடியைத் தழுவிக்கொண்டு இருக்க வேண்டும். அடுப்புக்கு மேலே புகை கண்ணுக்குத் தெரியக் கூடாது. புகை தெரிந்தால், "ஏதோ ஒன்று குறைகிறது" என்று அடுப்பு உங்களுக்குச் சொல்கிறது என்று அர்த்தம்.

மூன்று கல்லை வைத்து மூட்டும் திறந்த அடுப்பில், 100 பங்கு உஷ்ணத்தில் பாத்திரத்துக்குப் போய்ச் சேருவது 10 முதல் 15 பங்குதான். மற்றதெல்லாம் பக்கவாட்டிலும் மேலேயும் ஓடிவிடுகிறது. சுற்றிலும் மண் சுவர் எழுப்பிய அடுப்பு இதற்குத் தேவலை. அடுப்புக் குமிழ்கள் மேல் பாத்திரம் உட்காரும்போது, பாத்திரத்துக்கும் அடுப்பு விளிம்புக்கும் நடுவே ஒரு விரற்கடை சந்து இருந்தால் போதும். சந்தே இல்லாவிட்டால் தீ திணறும். நாலு விரல் இருந்தால் உஷ்ணம் ஊர் சுற்றப் போய்விடும். பக்கத்தில் கொடி அடுப்பு இருந்தால் அதைச் சும்மா விடாதீர்கள். பெரிய அடுப்பின் மிச்ச உஷ்ணத்தில் அங்கே ரஸமோ வெந்நீரோ தயாராகிவிடும்.

எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும்

இந்தப் பழமொழி ஊர் வம்புக்கு மட்டுமல்ல, அடுப்புக்கும் பொருந்தும். உலை கொதி வந்த பிறகும் நாம் தீயை அதே வேகத்தில் எரிக்கிறோம். தளதளவென்று கொதித்தால் சீக்கிரம் வேகும் என்று நினைப்பு. தண்ணீர் கொதி வந்துவிட்டால் அதற்குமேல் அதன் சூடு ஏறாது. எவ்வளவு எரித்தாலும் ஆவிதான் ஜாஸ்தியாகும். அந்த ஆவிக்கு ஏழு மடங்கு உஷ்ணம் செலவு என்று முன்பே பார்த்தோம். ஆகையால் கொதி வந்ததும் ஒரு கொள்ளியை வெளியே இழுத்துவிடுங்கள். மூடி போடுங்கள். அரிசியை அரை மணி ஊற வையுங்கள், பருப்பையும் அப்படியே. கடலை, மொச்சை என்றால் முதல் நாள் ராத்திரியே ஊறட்டும். விறகு மிச்சமாகும் என்பது ஒன்று. அதைவிட, அடுப்பின் முன் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நேரம் குறையும்.

இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு அடுப்பு மூட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் மூச்சைவிடக் குழந்தையின் மூச்சு வேகம். ஆகவே புகையும் அதற்கு வேகமாக உள்ளே போகும். அந்த அரை மணி குழந்தை வேறு யார் மடியிலாவது இருக்கட்டும்.

புகைக்கு ஒரு வழி

எவ்வளவு ஜாக்கிரதையாக எரித்தாலும் கொஞ்சம் புகை வரும். அது போக வழி வேண்டும். இதைப் பற்றி நம் நாட்டில் வெகுநாளாக யோசித்திருக்கிறார்கள். ஹைதராபாத்தில் எஞ்சினீயராக இருந்த டாக்டர் எஸ்.பி.ராஜு, புகைபோக்கி வைத்த மண் அடுப்பு ஒன்றை வகுத்து, கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாச் சமையலறை வேண்டும் என்று 1953ல் ஒரு புத்தகமே எழுதினார். அது அச்சாகி வெளிவந்தது நம் சென்னையில்தான். பிறகு 1980களில் மத்திய சர்க்கார் தேசிய அளவில் ஒரு திட்டம் தொடங்கி, 2002க்குள் மூன்று கோடிக்கு மேல் புகையில்லா அடுப்புகளை வீடுகளில் அமைத்தது. ஆனால் அவற்றில் அநேகம் சில வருஷத்திலேயே உபயோகத்திலிருந்து போய்விட்டன. வெடித்த மண்ணைப் பூசுவாரில்லை. அடைத்த புகைபோக்கியைத் துடைப்பாரில்லை. அடுப்பைக் கட்டிக் கொடுத்துவிடலாம். பராமரிப்பதை யார் கட்டிக் கொடுப்பது?

ஆகையால் புகைபோக்கி இருப்பவர்கள், மாதம் ஒரு முறையாவது அதைப் பாருங்கள். ஈர விறகு எரித்தால் உள்ளே தார் போன்ற கரிப்பிசின் படியும். அது வழியை அடைக்கும்; ஒரு நாள் தானே தீப்பிடித்தும் கொள்ளும். அடுப்பு நன்றாக ஆறியிருக்கும்போது நீளமான மூங்கிலில் துணியோ தென்னை நாரோ கட்டி உள்ளே விட்டுத் துடைத்து எடுங்கள். புகைபோக்கி நேராகவும், கூரைக்கு மேலே இரண்டு மூன்று அடி உயர்ந்தும் இருந்தால்தான் புகையை நன்றாக இழுக்கும். ஓலைக் கூரையானால் குழாய் ஓலையைத் தொடவே கூடாது. புகைபோக்கி இல்லாத வீட்டில் எதிரெதிராக இரண்டு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். முடியுமானால் அடுப்பையே கொல்லைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

புதிய ரக இரும்பு அடுப்பு வாங்குகிறவர்கள், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணக் காற்றில் எரியும் அடுப்பு, விறகின் உஷ்ணத்தில் 100க்கு 25 பங்கையாவது பாத்திரத்துக்குத் தர வேண்டும் என்றும், சின்ன விசிறி வைத்த அடுப்பு 35 பங்கு தர வேண்டும் என்றும் அந்த அமைப்பு விதித்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத எமன்

புகையையாவது கண் எரிச்சலால் கண்டுபிடித்துவிடலாம். கரி தணலாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது ஏறி உட்கார்ந்துகொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். பிறகு தூக்கம் போல் ஒரு மயக்கம். அப்புறம் விழிப்பே இல்லை. உதகை, கொடைக்கானல் மாதிரி குளிர்ப் பிரதேசத்துக்குப் போனால், கதகதப்புக்காகக் குமுட்டி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டாம். இப்படிப் படுத்தவர்கள் மறுநாள் எழுந்திராத செய்தியைப் பத்திரிகைகளில் நாம் பார்த்திருக்கிறோம். குழந்தை பெற்ற பெண்ணுக்கும் பச்சைக் குழந்தைக்கும் சாம்பிராணி போடுகிறவர்களும், அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் முகத்துக்கு நேரே புகையைக் காட்டாதீர்கள்.

இன்னும் சில எச்சரிக்கைகள். அடுப்படிக்குப் பருத்திச் சேலைதான் நல்லது. நைலானும் பாலியெஸ்டரும் தீப் பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். புகைகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். அணைந்ததுபோல் இருக்கும், ஊற்றியதும் குப்பென்று கைவரை ஏறும். வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் விடாதீர்கள். ஒரு மூடியால் மூடிவிட்டு, கொள்ளிகளை இழுத்துவிடுங்கள். துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் தீ வளரும். அப்படியே தரையில் படுத்துப் புரள வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் கனமான ஜமக்காளத்தாலோ கம்பளியாலோ மூடி அணைக்க வேண்டும். சுட்ட புண்ணைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். மை, மாவு, மஞ்சள், பற்பசை எதுவும் பூச வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். காயம் பெரிதானால் உடனே 108க்குத் தகவல் கொடுங்கள்.

சமையல் முடிந்ததும் அடுப்பில் தண்ணீரைக் கொட்டாதீர்கள். ஆவி கையைச் சுடும், மண்ணும் வெடிக்கும். கொள்ளிகளை இழுத்து மண்ணில் தேய்த்து அணையுங்கள். சாம்பலை உடனே குப்பையில் கொட்டவும் கூடாது. நீறு பூத்த நெருப்பு என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. மேலே சாம்பல், உள்ளே கங்கு மறுநாள்கூட உயிரோடு இருக்கும். மூடி போட்ட தகரத்தில் வாரி, அதை வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

அத்தையின் கதைக்கு வருவோம். கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், அது உங்கள் கையில், அதாவது உங்கள் அடுப்பில் இருக்கிறது" என்றார். அவளோடு ஊருக்குப் போய் ஒரு வாரம் தங்கினேன். காஸ் அடுப்பின் பூத்துணியை உருவினேன். அது பெரிய யுத்தம். "காஸ் சாதம் ருசிக்காது" என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் ஒரு சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது: இரண்டு வேளைச் சமையலும் காஸில், வெந்நீர் மட்டும் விறகில். அந்த அடுப்பும் உள்ளே அல்ல, கொல்லைத் தாழ்வாரத்தில். கீழே கம்பித் தட்டோடு, பிளந்து காய்ந்த விறகோடு.

நேற்றுக் காலை அத்தை டெலிபோனில் கூப்பிட்டாள். குரலில் அதே அதிகாரம்.

"ஏண்டி, நீ போட்டுவிட்டுப் போன அடுப்பில் புகையே காணோம். எரிகிறதா, அணைந்துவிட்டதா என்று தெரியாமல் இரண்டு தரம் குனிந்து பார்த்தேன்!"

"எரிந்ததா, அத்தை?"

"எரிந்தது, எரிந்தது. நெருப்பு ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. இத்தனை நாளாய் நான்தான் அதை மூச்சுவிட விடவில்லை போலிருக்கிறது" என்றாள்.

இதைச் சொல்லி முடிக்கும் வரை அவள் ஒரு தரம்கூட இருமவில்லை. குணமாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் டெலிபோனை வைத்த பிறகு வெகுநேரம் சந்தோஷமாக இருந்தது. உங்கள் வீட்டிலும் பூத்துணி போர்த்திய அடுப்பு எங்காவது இருக்கிறதா என்று அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாருங்கள்.